துமாசிக், சிங்கபுரம், கெலாங்கி: மறைந்த நகரங்களின் பெயர்வழக்கு

சிங்கப்பூரின் டோபி காட் என்ற பெயருக்குச் சொற்பிறப்பு தேடி அலைய வேண்டியதில்லை. துணி வெளுக்கும் படித்துறை என்பதற்கு இந்தி பேசுவோர் வைத்திருந்த சொல் அது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்துக் கரையோர வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடை இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் என்ற பெயரில் பெரும்பகுதி சாலைக்கடியில் ஓடுகிறது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வருகிறவர்களில் பலருக்குத் தங்கள் காலடியில் நீரோட்டம் இருப்பது தெரியாது.

அந்த ஓடைக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. சலவைத் தொழிலாளர்கள் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அது ஒரு நகரத்தின் எல்லை. 1822 பிப்ரவரியில், சயாமுக்குத் தூது போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கிய ஜான் கிராஃபர்ட் இந்த ஓடையை ஒட்டி நடந்து பார்த்தார். கடற்கரையிலிருந்து குன்றின் அடிவாரம் வரை ஒரு மண்மதில் நின்றிருந்தது. அடியில் 16 அடி அகலம். உயரம் 8, 9 அடி. ஓடையே மதிலுக்கு அகழியாக இருந்தது. குன்றின்மேல் ஏறியவர் அடுக்கடுக்கான மேடைகளையும், செங்கல் இடிபாடுகளையும், மரத்தூண் நட்டு வைக்கத் துளையிட்ட மணற்பாறைகளையும் கண்டார். மண்ணில் பானையோடுகளும் சீனச் செப்புக்காசுகளும் கிடந்தன. யாரோ என்றோ நட்ட பழமரங்கள் காட்டுமரங்களாக மாறியும் சாகாமல் நின்றன.

அந்தக் குன்றுதான் இன்றைய ஃபோர்ட் கெனிங். அப்போது மலாய்க்காரர்கள் அதை புக்கிட் லாராங்கான், அதாவது தடுக்கப்பட்ட குன்று என்றார்கள். பழைய அரசர்கள் அங்கே வாழ்ந்து அடங்கினார்கள் என்ற நம்பிக்கையால் அதன்மேல் ஏற அஞ்சினார்கள். 1928இல் நீர்த்தேக்கம் கட்ட அங்கே தோண்டியபோது பொன்னாபரணங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஜாவாக் கலைமரபைச் சேர்ந்த காலமுகம் பதித்த தோள்வளை. 1984இல் ஜான் மிக்ஸிக் முறையான அகழாய்வைத் தொடங்கிய பிறகு 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் மண்ணடுக்கோடு வெளிப்பட்டன. கட்டுக்கதை என்று பலர் ஒதுக்கிய நகரம் மெய்யாகவே இருந்தது என்பது அப்போதுதான் உறுதியானது.

நகரம் இருந்தது. அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? இந்தக் கேள்வியில் சான்றைவிடக் காதின் மயக்கத்துக்கே செல்வாக்கு அதிகம். தமிழர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கடல்கடந்த ஊர்ப்பெயர்களையெல்லாம் தமிழ்ச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் தமிழரின் உண்மையான தடம் எது என்பதை அந்தப் பழக்கமே மங்கச் செய்கிறது.

நகரத்தின் பழைய பெயரிலிருந்து தொடங்கலாம். ஜாவாவின் மஜாபாகித் அரசவையில் பிரபஞ்சா என்பவர் 1365இல் இயற்றிய நாகரகிருதாகமம் இந்த இடத்தைத் துமாசிக் என்கிறது. அதற்கு முன்பே, 1349இல், சீனப் பயணி வாங் தாயுவான் தம் குறிப்புகளில் தான்மாசி என்று எழுதினார். வியட்நாமின் அரசவரலாற்றில் சாக் மா திக் என்று ஒரு பெயர் வருகிறது. அறிஞர்கள் அதையும் இதே இடமாகக் கொள்கிறார்கள். மூன்று வெவ்வேறு நாட்டுப் பதிவுகள் ஏறக்குறைய ஒரே பெயரைச் சொல்கின்றன. பழம்பெயர் ஆய்வில் இதைவிட வலுவான நிலை அரிது. கேட்டு எழுதியவர்கள் வெவ்வேறு நாட்டவர். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுத வாய்ப்பில்லை. எனவே பெயரின் ஒலி உறுதி.

பொருள் அவ்வளவு உறுதியில்லை. பழைய ஜாவா மொழியில் தாசிக் என்றால் கடல். மலாயில் இன்று ஏரி. சொல்லின் முதல் மெய்யெழுத்தை அடுத்து 'உம்' என்ற அசையை நடுவில் செருகிப் புதுச்சொல் ஆக்குவது அம்மொழிக் குடும்பத்தின் வழக்கம். தாசிக் என்பதில் அதைச் செருகினால் துமாசிக். கடல்சார்ந்த இடம், கடலூர் என்று பொருள் கொள்ளலாம். இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். அதற்குக் காரணம் ஒலி ஒத்துப்போவது மட்டும் அன்று. அந்தக் காலத்தில் அந்தக் கடற்கரையில் பேசப்பட்ட மொழிகளின் இலக்கணத்தின்படியே சொல் பிறக்கிறது. கடல் சூழ்ந்த துறைமுகத்துக்குப் பொருளும் பொருந்துகிறது.

சிங்கபுரம் என்ற பெயரின் கதை வேறு. செஜாரா மெலாயு என்னும் மலாய் அரசவம்ச வரலாற்றின்படி, பலெம்பாங் இளவரசர் ஸ்ரீ திரி புவனா, அதாவது சங் நீல உத்தமா, பிந்தான் தீவில் வேட்டையாடும்போது ஒரு பாறைமேல் ஏறித் துமாசிக்கின் வெண்மணற்கரையைக் கண்டார். கடல் கடக்கையில் புயல். மணிமுடியைக் கடலில் எறிந்த பிறகே அது அடங்கியது. கரையில் செந்நிற உடலும் கருந்தலையும் வெண்மார்பும் கொண்ட விலங்கு ஒன்று பாய்ந்து ஓடியது. அது சிங்கமாக இருக்கலாம் என்று உடனிருந்தவர் சொல்ல, ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயரிட்டார். 1299 என்று வழங்கும் ஆண்டு பிற்காலக் கணக்கு.

இந்தத் தீவில் சிங்கம் இருந்ததில்லை, புலி இருந்தது. அதனால் பலர் கதையைத் தள்ளிவிட்டுப் பெயருக்கு வேறு மூலம் தேடினார்கள். மிக விசித்திரமான முயற்சி போர்ச்சுகீசியருடையது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய அவர்கள் சிங்கபுரம் என்றால் வஞ்சகத் தாமதம் என்று விளக்கம் தந்தார்கள். மலாயில் சிங்கா என்றால் வழியில் தங்குதல், பூரா பூரா என்றால் பாசாங்கு. இரண்டையும் சேர்த்தால் அந்தப் பொருள் வந்துவிடும் போலத்தான் இருக்கிறது. காற்றுக்குக் காத்திருந்த கப்பல்களைக் கடற்கொள்ளையர் சூறையாடிய நீரிணைக்கு இந்த விளக்கம் இயல்பாகவே தோன்றியிருக்கும். ஆனால் அந்தப் பொருளில் எந்த அரசனும் தன் தலைநகருக்குப் பெயர் வைக்க மாட்டான். நகரம் அழிந்து நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, அங்கே கண்ட ஆபத்தைக் கொண்டு பெயருக்குப் பொருள் கற்பித்திருக்கிறார்கள்.

எந்த விலங்கைப் பார்த்தார்கள் என்ற கேள்வியையே விட்டுவிடலாம். ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைக்கச் சிங்கம் தேவைப்படவில்லை. இன்றைய மத்திய வியட்நாமின் திரா கியூவில் சம்பா நாட்டுத் தலைநகர் சிம்மபுரம். கலிங்கத்தில் ஒரு சிம்மபுரம். மகாவம்சம் சொல்லும் விசயனின் தந்தை ஊர் ஒரு சீகபுரம். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் முன்பே அறிமுகம். மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் முற்பிறப்புக் கதை கலிங்கத்துச் சிங்கபுரத்தில்தான் நடக்கிறது. கபிலபுரத்துச் சங்கமன் என்னும் வணிகன் ஒற்றன் என்று பொய்க்குற்றம் சாட்டப்பட்டுக் கொலையுண்டதும் அங்கேதான். யாழ்ப்பாணத்து அரசர்கள் சிங்கை ஆரியர் எனப்பட்டார்கள். அவர்களுடைய சிங்கைநகர் வல்லிபுரமா நல்லூரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. கலிங்கத்துச் சிங்கபுரத்திலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பாரும் உண்டு. வங்கக்கடலின் இரு கரையிலும் சிங்கம் அரசுரிமையின் சின்னம். சிம்மாசனம் அரசனின் இருக்கை. ஓ. டபிள்யூ. வோல்ட்டர்ஸ் போன்ற அறிஞர்கள் பலெம்பாங்கிலிருந்து வந்த அரசன் தன் உரிமையை நிலைநாட்டச் சூட்டிய அரசியல் பெயராகவே இதைப் பார்த்தார்கள். எனக்கும் இதுவே சரி. துமாசிக் அந்த மண்ணின் பெயர். சிங்கபுரம் அரியணையின் பெயர். இரண்டும் ஒரே ஊருக்கு ஒரே காலத்தில் வழங்கியதில் முரண் இல்லை.

மூன்றாவது பெயர் எல்லாவற்றிலும் சிக்கலானது. அதில் சோழர் நினைவும் கலந்திருக்கிறது. செஜாரா மெலாயுவில் கெலிங் நாட்டு அரசன் ராஜா சூலான் சீனத்தின்மேல் படையெடுத்துப் புறப்படுகிறான். கெலிங் என்பது தென்னிந்தியாவுக்கு மலாயில் வழங்கிய பெயர். பிரதிக்குப் பிரதி அரசனின் பெயர் சூலான், சூரான் என்று மாறினாலும் அதில் சோழன் ஒலிப்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். முதலில் கங்கா நகரத்தை வெல்கிறான். பிறகு ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் கருங்கல் கோட்டை கொண்ட ஒரு நகரத்தை அடைந்து, அதன் அரசன் சூலினைக் கொன்று, மகளை மணக்கிறான். பிறகு துமாசிக் வருகிறான். அவனைத் தடுக்கச் சீனர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்லில்லாக் கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அங்கே அனுப்புகிறார்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், புறப்படும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த மரங்கள் விதைகள், இந்த ஊசிகள் கை பருமன் இரும்புத் தண்டுகள் என்கிறார்கள் அந்தக் கிழவர்கள். சோழன் திரும்பிவிடுகிறான்.

கருங்கல் கோட்டை நகரத்தின் பெயருக்கு நூலே விளக்கம் தருகிறது. சயாம் மொழியில் அது கிலாங் கியோ, மணிகளின் கருவூலம். மக்கள் வாயில் அது கெலாங்கி, லெங்கியு என்றெல்லாம் திரிந்தது. தாய்லாந்து மொழியில் கிலாங் என்றால் கருவூலம், கேயோ என்றால் மணி. விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனாலும் நான் தயங்குகிறேன். செஜாரா மெலாயுவின் நமக்குக் கிடைத்த முகவுரை 1612ஐச் சேர்ந்தது. 1025இல் சோழர் கடற்படையெடுப்பு நடந்து ஏறக்குறைய அறுநூறு ஆண்டு கழித்து. காட்டில் மறைந்துபோன நகரம் என்றால் அதற்குள் புதையல் இருக்கும் என்று எல்லா நாட்டுக் கதைகளும் சொல்லும். புதையல் கதை முந்தியதா, பெயர்விளக்கம் முந்தியதா என்று நூலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஒலியை மட்டும் நம்பினால் விளக்கங்களுக்குப் பஞ்சமும் இல்லை. மலாயில் கெலாங் என்றால் வளையல். கெலாங்காங் என்றால் ஆடுகளம். தமிழ்க் காதுக்குக் கலிங்கமே கேட்கும். எந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டாலும் ஒரு வரலாறு எழுதிவிடலாம். பஹாங்கில் ஜெராந்துட் அருகேயுள்ள சுண்ணாம்புக் குகைகளுக்கும் கோத்தா கெலாங்கி என்றே பெயர். ஒரு பெயர் இரண்டு இடங்களில் வழங்கும்போது, ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் பெயரிலிருந்து மட்டும் எடுப்பது ஆபத்து.

2004இல் ரைமி சே ரோஸ் என்ற ஆய்வாளர் மலாய் நூல்களையும் வான்படங்களையும் வைத்து, கோத்தா கெலாங்கி ஜொகூர்க் காட்டில் இருந்திருக்கலாம் என்று எழுதினார். மறு ஆண்டு மலேசிய நாளிதழ்கள் அதைப் பெரிய செய்தியாக்கின. அதன்பின் நடந்த தேடலில் அத்தகைய நகரத்துக்குச் சான்று இல்லை என்றே மலேசிய மரபுடைமை அதிகாரிகள் சொன்னார்கள். நகரம் கிடைக்கவில்லை, பெயரின் நிழல் மட்டும் அந்த வட்டாரத்தில் நிற்கிறது. ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் லிங்கியு என்ற ஆறு இருக்கிறது. 1995இல் அங்கே கட்டி முடிக்கப்பட்ட லிங்கியு நீர்த்தேக்கம், ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் தண்ணீர் எடுக்கும் ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறது.

சோழரைப் பற்றிய உறுதியான சான்று எங்கே இருக்கிறது என்றால், அது தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் முதலாம் இராசேந்திரன் வென்ற இடங்களை அங்குள்ள கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். 1918இல் ஜார்ஜ் சேதேஸ் ஸ்ரீவிசயத்தை அடையாளம் காட்டியபோது இந்தப் பட்டியலும் அவருக்குத் துணை. மாநக்கவாரம் நிக்கோபார், கடாரம் கெடா, இலாமுரி சுமத்திராவின் வடமுனை. இவற்றில் பெரிய தகராறு இல்லை. வளைப்பந்தூறு எது என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை.

இந்தப் பட்டியலைச் சற்று நின்று படிக்க வேண்டும். லங்காசுகா என்பது மலாய்த் தீபகற்பத்தின் பழைய அரசு. சீனர் அதை லாங்யாசு என்று கேட்டு எழுதினார்கள். சோழப் புலவன் வாயில் அதுவே இலங்கும் அசோகம் ஆகிவிட்டது. தாம்பிரலிங்கம் மாதமாலிங்கம் ஆயிற்று. நக்கவாரத்துக்கு முன்னால் 'மா' வந்து சேர்ந்தது. மெய்க்கீர்த்தியின் சந்தத்துக்கும் எதுகைக்கும் ஏற்ப ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடைமொழி. அந்த அடைமொழிக்கு இசையும்படி ஊர்ப்பெயரும் வளைக்கப்பட்டது. நமக்கு இந்தப் பெயர்கள் தமிழாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒரு தேர்ந்த தமிழ்ப் புலவன் அவற்றைத் தமிழாக்கியதுதான். அதைக் காட்டி அந்த ஊர்களைத் தமிழர் நிறுவினார்கள் என்று வாதிட முடியாது. மலையூரில் 'மலை' இருக்கிறது என்பதற்காக மலாயா என்ற பெயரே தமிழ் என்று முடிவு கட்டுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஊர் சுமத்திராவின் மெலாயு.

பட்டியலில் துமாசிக் இல்லை, சிங்கபுரம் இல்லை, கெலாங்கியும் இல்லை. எனவே 1025இல் சோழர் இங்கே ஒரு நகரத்தை அழித்தார்கள் என்றோ ஆக்கினார்கள் என்றோ சொல்ல அந்தக் கல்வெட்டு இடம் தரவில்லை. மலாய்க் கதை சோழனைத் துமாசிக் வரை கொண்டுவருகிறது, கல்வெட்டு கொண்டுவரவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே வைத்துப் பேசுவதுதான் நேர்மை. கதைக்கும் வரலாற்று மதிப்பு உண்டு: தங்கள் அரசவம்சத்தின் மூலத்தில் ஒரு கெலிங் வேந்தனை வைக்க மலாய் அரசவை விரும்பியது என்பதை அது காட்டுகிறது. அதற்கான காரணத்தை ஆராய்ந்தால் பயன் மிகும்.

டோபி காட்டிலிருந்து நடக்கும் தொலைவில், ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. ஒரு பெரிய கல்வெட்டின் எஞ்சிய துண்டு அங்கே இருக்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் சுமார் 10 அடி உயரத்துக்கு நின்ற பாறை அது. முகப்பில் ஏறக்குறைய 50 வரி எழுத்து. 1819இல் காடு வெட்டியபோது கண்டுபிடித்தார்கள். 1843இல் ஆற்றின் வாயை அகலப்படுத்தும் வேலைக்காகக் குடியேற்றப் பொறியாளர் அதை வெடிவைத்துத் தகர்த்தார். கர்னல் ஜேம்ஸ் லோ பொறுக்கிய சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒன்று பின்னாளில் சிங்கப்பூருக்குத் திரும்பியது. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் வளைவுகள் தெரியும். 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறு காலம் சொல்லப்பட்டிருக்கிறது. பழைய ஜாவா மொழி என்பாரும் சமஸ்கிருதம் என்பாரும் உண்டு.

2019இல் ஆய்வாளர் இயன் சின்க்ளேர் அந்தக் கல்வெட்டின் ஒரு பகுதியில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் தெரிவதாகச் சொல்லி, அது சோழர் மாறிமாறிச் சூடிய பட்டங்களில் ஒன்றான பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாக இருக்கலாம் என்றார். இராசேந்திரனுக்கும் அதுதான் பட்டம். கேசரி என்றாலும் சிங்கம்தான். ஆகவே சோழனின் கேசரியே சிங்கபுரமாயிற்று என்று எழுதத் தூண்டும். தூண்டுதலுக்கு இணங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நான்கெழுத்து ஒரு சொல்லின் நடுப்பகுதி. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை வெடிமருந்தில் போயின. எழுத்தின் காலம் முடிவாகாதவரை அரசன் யார் என்று சொல்ல இயலாது. சின்க்ளேரும் இதை ஒரு சாத்தியமாகவே முன்வைத்தார். தமிழ் ஊடகங்களில் பரவும்போதுதான் அது கண்டுபிடிப்பாக மாறியது.

காது எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு லிட்டில் இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. சந்தையையும் சுற்றுவட்டாரத்தையும் நாம் தேக்கா என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவருக்குத் தேக்கு மரம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அது ஹொக்கியன் சீனரின் தெக் கியா கா. சிறுமூங்கில் புதர்களின் அடி என்று பொருள். அதே வட்டாரத்துக்குத் தமிழர்கள் தாமே வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். அங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. இருநூறு ஆண்டுகூட ஆகாத பெயருக்கே ஒலி இப்படி வழிமாற்றுமென்றால், எழுநூறு ஆண்டுப் பெயருக்கு முதலில் ஆவணம் வேண்டும். எந்த ஆண்டில், எந்த மொழியில், எந்த எழுத்தில் முதலில் பதிவாயிற்று? அயலார் காதில் எப்படிக் கேட்டது? அந்த இடத்தில் பேசிய மொழியின் இலக்கணம் அப்படிச் சொல்லாக்க இடம் தருகிறதா? இவற்றுக்கு விடை தேடிய பிறகே பொருளுக்குப் போக வேண்டும். துமாசிக் இந்தத் தேர்வில் தேறுகிறது. சிங்கபுரம் பாதி தேறுகிறது. கெலாங்கி தேறவில்லை.

இனி வேண்டுகோள். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரக் கல்லிலிருந்து பொறுக்கிய துண்டுகளின் எழுத்துகளை 1848இலேயே படியெடுத்து வங்காள ஆசியக் கழக இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். கிரந்தமும் பழைய ஜாவா எழுத்தும் பல்லவ எழுத்தின் கிளைகள். சோழர்காலக் கிரந்தத்தைக் கையால் படியெடுத்துப் பழகிய கல்வெட்டறிஞர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் படிகளையும் சிங்கப்பூர்த் துண்டையும், ஜாவா, சுமத்திரா எழுத்துகளில் தேர்ந்தவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'கேசரிவ' நிற்கிறதா விழுகிறதா என்று அவர்களே சொல்லட்டும். தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் சிங்கப்பூரின் தமிழ் அமைப்புகளும் அதற்கு வழி செய்து கொடுக்க வேண்டும்.